புளியங்கொட்டையில் மெண்டல்: ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாரம்பரியம் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்தப் பாடத்துக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் புளிக்குக் கொட்டை எடுக்கும்போது இரண்டு கைப்பிடி கொட்டையை ஒதுக்கி வைத்தால் போதும். கொட்டையைத் தரையில் தேய்த்து ஒரு பக்கத்தை வெள்ளையாக்கித் தாயம் ஆடியது பலருக்கு நினைவிருக்கும். தேய்த்த சூட்டோடு பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்ததும் நினைவிருக்கும். ஒரு பக்கம் பழுப்பு, மறுபக்கம் வெள்ளை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஒரு பண்பு எப்படி இறங்குகிறது என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை.

பத்தாம் வகுப்பில், பட்டாணிச் செடிகளை வைத்துப் பாரம்பரியத்தை ஆராய்ந்த மெண்டல் முழுப் பாடமாக வருவார். அப்போது பல பிள்ளைகள் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. நடுநிலை வகுப்பிலேயே ஐந்து பாடவேளைகள் ஒதுக்கி, அந்த விகிதத்தை அவர்கள் கையாலேயே எறிந்து கண்டுபிடிக்க வைத்துவிட்டால் பிறகு மறக்கவே மாட்டார்கள். கலைச்சொற்களை அதுவரை தள்ளி வைக்கலாம். முதலில் அனுபவம், அப்புறம் பெயர். இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

கொட்டைகளைத் தயார் செய்தல்

மூன்று வகைக் கொட்டை வேண்டும். தேய்க்காதது, அதாவது இரண்டு பக்கமும் பழுப்பு. இரண்டு பக்கமும் தேய்த்தது, அதாவது முழு வெள்ளை. ஒரு பக்கம் மட்டும் தேய்த்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பை இருபது ஜோடிகளாகப் பிரித்தால் ஒரு பக்கம் தேய்த்தவை மட்டும் நாற்பது தேவை. அறுபது தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடமே கொடுத்தால் ஒரு மதிய இடைவேளையில் முடித்துவிடுவார்கள்.

ஏன் அறுபது? தேய்த்த பக்கம் தட்டையாகிவிடும். அதனால் சில கொட்டைகள் ஒரே பக்கமாக விழும். அதிகமாகத் தேய்க்காமல் தோல் போனதும் நிறுத்திவிட்டால் இந்தச் சாய்வு குறையும். அப்படியும் ஒவ்வொன்றையும் சோதித்துவிடுவது நல்லது. ஐம்பது முறை எறியுங்கள். வெள்ளைப் பக்கம் 20 முதல் 30 முறைக்குள் மேலே வந்தால் வைத்துக்கொள்ளலாம். 40 முறை வந்தால் அந்தக் கொட்டையைத் தாயத்துக்கே அனுப்பிவிடுங்கள். தரையில் உருட்டிவிடாமல், சிறு டம்ளரில் போட்டு நன்றாகக் குலுக்கிக் கவிழ்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையை நீங்களே முடித்து வைத்துவிடாமல் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவியை நம்பும் முன் சோதிக்க வேண்டும் என்பதை அறிவியல் பாடத்தில் வேறு எங்கே இவ்வளவு எளிதாகச் சொல்லித்தர முடியும்?

முதல் நாள்: காபியா, கொட்டையா?

ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். ஊதாப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் பிறக்கும் செடியின் பூ என்ன நிறம்? பெரும்பாலான பிள்ளைகள் "வெளிர் ஊதா" என்பார்கள். அது முட்டாள்தனமான பதில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய அறிஞர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். பாலில் டிக்காஷனை ஊற்றினால் காபி. ஒருமுறை கலந்துவிட்டால் பாலைத் தனியாகவும் டிக்காஷனைத் தனியாகவும் திரும்ப எடுக்க முடியாது. பண்புகளும் அப்படித்தான் கலக்கின்றன என்பது அன்றைய எண்ணம். இந்தப் பதிலைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்காமல் விட்டுவிடுங்கள். நாளைக்குத் தேவைப்படும்.

இப்போது மெண்டலின் கதை. பெயரையும் பிறந்த நாளையும் ஒப்பிக்காமல், அவர் செய்த வேலையைச் சொல்லுங்கள். இன்று செக் நாட்டில் இருக்கும் பர்னோ நகரத்து மடத்தில் துறவியாக இருந்தவர் கிரிகோர் மெண்டல். 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தார். 34 வகைப் பட்டாணி விதைகளை வாங்கி, முதல் இரண்டு ஆண்டுகளை அவற்றைச் சோதிப்பதிலேயே செலவிட்டார். எந்த வகை தலைமுறைதோறும் மாறாமல் அப்படியே வருகிறது என்று பார்த்து 22 வகைகளை வைத்துக்கொண்டார். (நாம் கொட்டைகளைச் சோதித்தோமே, அதே வேலைதான்.) பட்டாணிப் பூ திறப்பதற்கு முன்பே தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டுவிடும். அதனால் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை முதிரும் முன்பே கிள்ளி எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவினார். ஒரு செம்பருத்தியைக் கொண்டுவந்து, மகரந்தம் எது, சூல்முடி எது என்று தொட்டுக் காட்டிவிட்டு இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

ஒரு பிள்ளையாவது கேட்பார்: "டீச்சர், பட்டாணி பச்சையாத்தானே இருக்கும்? மஞ்சள் பட்டாணி எங்கே இருக்கு?" நல்ல கேள்வி. நாம் சமைக்கும் பச்சைப் பட்டாணி இன்னும் முற்றாத விதை. முற்றிக் காயும்போது சில வகைகளில் பச்சையம் சிதைந்து மஞ்சள் தெரியும். சில வகைகளில் பச்சையம் சிதையாமல் அப்படியே நின்றுவிடும். மளிகைக் கடையில் காய்ந்த பட்டாணியில் இரண்டு நிறமும் கிடைக்கும். ஒரு பிடி வாங்கித் தோலை உரித்து உள்ளே இருக்கும் பருப்பின் நிறத்தைக் காட்டுங்கள். சாயம் ஏற்றிய பட்டாணியும் சந்தையில் உண்டு என்பதால், ஊறவைத்துத் தண்ணீர் பச்சையாகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

நாளின் கடைசிப் பத்து நிமிடத்தில் முதல் எறிதல். ஒரு மாணவர் முழுப் பழுப்புக் கொட்டையை வைத்திருக்கிறார். அவர் தாய்ச் செடி. இன்னொருவரிடம் முழு வெள்ளை. அவர் தந்தைச் செடி. இருவரும் எறிகிறார்கள். மேலே தெரியும் பக்கம்தான் பிள்ளைக்குக் கொடுக்கும் பங்கு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று, பிள்ளைக்கு இரண்டு. இரண்டாவது எறிதலுக்குள் யாராவது, "எறியவே வேண்டாமே, எப்பவும் ஒரு பழுப்பு ஒரு வெள்ளைதானே வரும்" என்று சொல்லிவிடுவார். அதுதான் வேண்டும். ஒரு விதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்: ஒரு பழுப்பாவது இருந்தால் அந்தப் பிள்ளையின் தோற்றம் பழுப்பு. ஆக, முதல் தலைமுறை முழுவதும் பழுப்பு. மெண்டலும் இதைத்தான் பார்த்தார். வெளிர் ஊதா வரவில்லை. எல்லாச் செடியிலும் ஊதாப் பூவே பூத்தது.

இரண்டாம் நாள்: நானூறு பிள்ளைகள்

முதல் தலைமுறைப் பிள்ளையிடம் ஒரு பழுப்பும் ஒரு வெள்ளையும் இருந்தன அல்லவா? அப்படியென்றால் அதற்கு எந்தக் கொட்டையைக் கொடுக்க வேண்டும்? கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு பக்கம் தேய்த்த கொட்டை என்று அவர்களே சொல்ல வேண்டும். இந்த ஐந்து நாட்களில் மிக முக்கியமான நொடி இதுதான். அவசரப்பட்டுப் பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

எழுதுவதற்கு ஒரு குறியீடு வேண்டும். பாடநூல்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வரும். தமிழில் அந்த வேறுபாடே கிடையாது. கையால் எழுதும்போது சில ஆங்கில எழுத்துகளில் பெரியது எது சிறியது எது என்று பிள்ளைகள் குழம்பி, கணக்கையே தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் ● என்றும் ○ என்றும் எழுதவையுங்கள். பழுப்புக்கு நிரப்பிய வட்டம், வெள்ளைக்கு வெறும் வட்டம். எழுத்துகள் பிறகு வரட்டும்.

ஒவ்வொரு ஜோடியும் இருபது முறை எறிந்து, ●●, ●○, ○○ என்ற மூன்று வரிசையில் கோடு போட்டுக் குறிக்கட்டும். முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியின் வெள்ளைப் பிள்ளைகளின் எண்ணிக்கையையும், அதாவது ○○ மட்டும், பலகையில் எழுதுங்கள். ஒரு ஜோடிக்கு இரண்டு, இன்னொரு ஜோடிக்கு எட்டு, பலருக்கு நான்கு, ஐந்து, ஆறு என்று வரும். எட்டு வந்தவர்கள் தாங்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து எண்ணை மாற்றப் பார்ப்பார்கள். மாற்ற விடாதீர்கள். வந்தது வந்ததுதான்.

இப்போது இருபது ஜோடியையும் கூட்டுங்கள். மொத்தம் நானூறு எறிதல். வெள்ளை பெரும்பாலும் 85க்கும் 115க்கும் நடுவில் வந்து நிற்கும். கால் பங்கு. தனித்தனியாகத் தாறுமாறாக இருந்த எண்கள் ஒன்றாகச் சேர்ந்ததும் ஒழுங்குக்கு வருவதைப் பிள்ளைகள் கண்ணெதிரே பார்ப்பார்கள். வெள்ளைப் பங்கு மிக அதிகமாகவே இருந்தால், சாய்ந்த கொட்டைகள் நுழைந்துவிட்டன என்று பொருள், மறுபடி சோதிக்கலாம்.

பலகையின் ஓரத்தில் நேற்று எழுதிய பதிலைத் திரும்பிப் பாருங்கள். தாயும் பழுப்பு, தந்தையும் பழுப்பு, ஆனால் பிள்ளைகளில் கால் பங்கு வெள்ளை. காபியிலிருந்து பால் திரும்ப வந்துவிட்டது! பண்பு கலந்து கரைந்து போகவில்லை, ஒளிந்திருந்தது. அந்த ஒளிந்திருந்த பொருளுக்கு இப்போது பெயர் கொடுங்கள்: மரபணு. அதன் பழுப்பு வடிவம், வெள்ளை வடிவம் இரண்டுக்கும் அல்லீல்கள் என்று பெயர். ஒன்று இருந்தாலே வெளியே தெரிவது ஓங்கு பண்பு, இரண்டு சேர்ந்தால் மட்டும் தெரிவது ஒடுங்கு பண்பு. நான்கு சொற்கள். இந்த வகுப்புக்கு இவை போதும் என்பது என் கருத்து.

மூன்றாம் நாள்: மெண்டலின் கணக்குப் புத்தகம்

இன்று உண்மையான எண்கள். முதல் தலைமுறைக் கலப்புச் செடிகள் 253இல் மெண்டல் 7324 விதைகளை எடுத்து எண்ணினார். உருண்டை 5474, சுருங்கியது 1850. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 2.96 வரும். மஞ்சள் விதை 6022, பச்சை விதை 2001. பூவில் ஊதா 705, வெள்ளை 224. உயரச் செடி 787, குட்டைச் செடி 277. நான்கு கணக்கையும் நான்கு குழுக்களுக்குக் கொடுத்துவிட்டு விடைகளைப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் எல்லாமே மூன்றைச் சுற்றி நிற்கும். ஒன்றுகூடச் சரியாக மூன்றில் நிற்காது என்பதையும் காட்டுங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் செடி செடியாகக் குறித்து வைத்த எண்கள். முதல் செடியில் உருண்டை 45, சுருங்கியது 12. நான்காவது செடியில் 19க்கு 10. எட்டாவதில் 22க்கு 10. ஒன்பதாவதில் 28க்கு 6. ஒரு செடியில் 43 உருண்டைக்கு இரண்டே இரண்டு சுருங்கியவை. இன்னொன்றில் 14க்கு 15. நேற்று எட்டு வெள்ளை வந்ததாக வருந்திய ஜோடிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் முகம் மாறும். மெண்டல் இந்த ஏற்ற இறக்கத்தை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே எழுதினார்.

ஒரு நுணுக்கம். விதையின் வடிவமும் நிறமும் அந்த விதைக்கே உரியவை. ஒரு பட்டாணிக் காயை உரித்தால் உள்ளே வரிசையாக இருப்பவை ஒரு தாய்க்குப் பிறந்த அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகள். அதனால் ஒரே காயில் உருண்டையும் சுருங்கியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். இது புரியாமல் "விதையெல்லாம் தாயைப் போலவே இருக்கும்" என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு மற்ற எல்லாமே குழம்பும்.

அடுத்து, பழுப்பாகப் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்குள் வெள்ளை ஒளிந்திருக்கிறது? நேற்றைய தாளில் ●●, ●○ இரண்டையும் மட்டும் கூட்டி, அந்த மொத்தத்தில் ●○ எவ்வளவு என்று பார்க்கட்டும். மூன்றில் இரண்டு பங்கு வரும். மெண்டலும் இதைச் சோதித்தார். உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை மட்டும் கொடுத்தன. 372 செடிகள் இரண்டும் கொடுத்தன. தோற்றம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்த தலைமுறையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இவ்வளவும் ஆன பிறகு பன்னட் கட்டத்துக்கு வாருங்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரெஜினால்ட் பன்னட் உருவாக்கியது. இரண்டுக்கு இரண்டு கட்டம். மேலே தாயின் கொட்டையின் இரண்டு பக்கங்கள், இடப்பக்கம் தந்தையினுடையவை. நான்கு கட்டங்களையும் நிரப்பினால் ●● ஒன்று, ●○ இரண்டு, ○○ ஒன்று. எறிந்து பார்த்த பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிட வேலை. கட்டத்திலிருந்தே தொடங்கினால், நான்கு கட்டம் என்றால் நான்கு பிள்ளைகள், அதில் ஒருவர் கட்டாயம் வெள்ளை என்று நினைத்துவிடுவார்கள். கட்டம் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிறப்பிலும் உள்ள வாய்ப்பைச் சொல்கிறது.

நான்காம் நாள்: "ஓங்கு" என்றால் வலிமையா?

இந்தச் சொல் பிள்ளைகளைத் தவறான பக்கம் இழுக்கிறது. ஓங்கு பண்பு பலசாலி, ஒடுங்கு பண்பை அது அடக்கி வைக்கிறது, ஓங்கியதுதான் எங்கும் அதிகம், அதுதான் உயர்ந்தது என்றெல்லாம் நினைத்துக்கொள்கிறார்கள். எல்லாமே தவறு. ஒரு நாளை இதற்கே ஒதுக்கலாம்.

சுருங்கிய பட்டாணி ஏன் சுருங்குகிறது? 1990இல் இங்கிலாந்தின் நார்விச்சில் இருக்கும் ஜான் இன்னஸ் ஆய்வு நிறுவனத்தில் விடை கிடைத்தது. மாவுச்சத்தைக் கிளைக்கச் செய்யும் ஒரு நொதியை உருவாக்கும் மரபணுவின் நடுவே சுமார் 800 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு புகுந்துகொண்டது. நொதி சரியாக உருவாகவில்லை. மாவுச்சத்து குறைந்து சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை அதிகத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. விதை காயும்போது அந்தத் தண்ணீர் போய்விட, தோல் சுருங்கிவிடுகிறது. அவ்வளவுதான். உருண்டை அல்லீல் யாரையும் அடக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேரில் ஒருவருக்குச் சமைக்கத் தெரிந்தாலே சாப்பாடு தயாராகிவிடும். இருவருக்குமே தெரியாதபோதுதான் அடுப்பு எரியாது. ஓங்கு, ஒடுங்கு என்பது இங்கே இவ்வளவுதான்.

அதிகமாக இருப்பதா? கையில் ஆறு விரலோடு பிறப்பதில் சில வகைகள் ஓங்கு பண்பு, ஆனால் அரிதானது. ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு. ஆனால் நம் ஊரில் பலருக்கும் இருப்பது அதுதான். இந்த இரண்டு உதாரணங்களும் போதும்.

ஓங்கு என்ற உறவே இல்லாத இடமும் உண்டு. சாயங்காலம் பூக்கும் அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும். "பார்த்தீங்களா டீச்சர், காபிதான்!" என்று முதல் நாள் பதில் சொன்னவர்கள் துள்ளுவார்கள். துள்ளட்டும். பிறகு அந்த இளஞ்சிவப்பு இரண்டைக் கலந்தால் என்ன வரும் என்று அதே கொட்டைகளை எறியச் சொல்லுங்கள். சிவப்பு ஒன்று, இளஞ்சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று. வெள்ளை மறுபடி வந்துவிட்டது. செடியைக் கொண்டுவந்து காட்டினால், மிளகு போலிருக்கும் விதையை வாயில் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்; அது நஞ்சு.

பிள்ளைகளின் உடலைப் பாடப்பொருள் ஆக்காதீர்கள்

கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் நான் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். காது மடல் ஒட்டியதா, தொங்குகிறதா; நாக்கைச் சுருட்ட முடியுமா; அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோருக்கும் பார்த்துப் பட்டியல் எழுதி வர வேண்டும். பாட்டியிடம் வளர்ந்த ஒரு மாணவி வெறும் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றாள். அப்பா யாரென்றே தெரியாத குழந்தையிடம் அவர் காதைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப்பாடத்தை நான் கொடுத்ததே இல்லை.

அறிவியலாகவும் அது தவறு. நாக்கைச் சுருட்டுவது ஒரே மரபணுவால் வருகிறது என்று 1940இல் ஆல்பிரட் ஸ்டர்டிவன்ட் எழுதினார். 1952இல் பிலிப் மாட்லாக் என்பவர் உருவொத்த இரட்டையர் 33 ஜோடிகளைப் பார்த்தார். ஏழு ஜோடிகளில் ஒருவருக்கு முடிந்தது, மற்றவருக்கு முடியவில்லை. மரபணு முழுக்க ஒன்றாக இருப்பவர்களிடமே இது மாறுகிறது. ஸ்டர்டிவன்ட்டே பின்னாளில் தன் கருத்தைக் கைவிட்டார். காது மடலும் கண் நிறமும்கூட ஒரே மரபணுவில் முடிகிற விஷயம் இல்லை. பாடத்தில் ஒற்றை மரபணு என்று சொல்லிக்கொடுத்தால், தன் காது பெற்றோர் இருவர் காதையும் போல இல்லாத குழந்தை வீட்டுக்குப் போய் என்ன நினைக்கும்?

தோல் நிறத்தைப் பற்றிக் கேள்வி கட்டாயம் வரும். தவிர்க்காதீர்கள். பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிப்பது, அதனால் ஒரே வீட்டில் பல நிறம் இருப்பது இயல்பு என்று தெளிவாகச் சொல்லுங்கள். உயரத்துக்கு மரபணுக்களோடு சிறுவயதுச் சாப்பாடும் சேர்கிறது.

ஐந்தாம் நாள்: ஆணா, பெண்ணா?

மனித உடலில் நான் விரும்பிக் கற்பிக்கும் உதாரணம் இது ஒன்றுதான். நம் செல்லில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் 23 ஜோடி. அவற்றில் ஒரு ஜோடி, பெண்ணுக்குப் பொதுவாக எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். தாய்க்குத் தேய்க்காத கொட்டையைக் கொடுங்கள். இரண்டு பக்கமும் எக்ஸ். தந்தைக்கு ஒரு பக்கம் தேய்த்தது; வெள்ளைப் பக்கம் ஒய். எறியுங்கள். தாயின் கொட்டை எப்படி விழுந்தாலும் எக்ஸ்தான். குழந்தை ஆணா பெண்ணா என்பது தந்தையின் கொட்டை விழும் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் தந்தையின் விருப்பத்தில் இல்லை, தற்செயல்.

பெண் குழந்தையாகவே பெற்றாள் என்று பழி சுமந்த பெண்களை இந்தப் பிள்ளைகள் தங்கள் தெருவிலேயே பார்த்திருப்பார்கள். சிலர் தங்கள் வீட்டிலேயே. நீங்கள் அதை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கொட்டையை எறிந்து முடித்ததும் வகுப்பு சிறிது நேரம் அமைதியாகும். அந்த அமைதியைக் கலைக்காதீர்கள்.

"சொந்தத்தில் கல்யாணம் பண்ணினால் குழந்தைக்கு நோய் வருமாமே?" என்ற கேள்வியும் அன்றைக்கே வரலாம். அத்தை மகன், மாமன் மகளை மணந்த பெற்றோரின் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள் என்பதை நினைவில் வைத்துப் பதில் சொல்லுங்கள். எல்லோருக்குள்ளும் வெளியே தெரியாத சில ○ ஒளிந்திருக்கின்றன. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த இருவரிடம் அதே ○ இருக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேரும் வாய்ப்பும் அதனால் கூடுகிறது. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொன்னால் அது பொய்யாகவோ பயமுறுத்தலாகவோ ஆகிவிடும்.

புரிந்ததா என்று பார்க்க

விளக்கம் எழுதச் சொல்லும் கேள்விகளைவிட, முடிவு சொல்லிக் காரணம் கேட்கும் கேள்விகள் நல்லவை. நான் கேட்பவை இவை. இரண்டு ●○ செடிகளிடமிருந்து கிடைத்த முதல் மூன்று விதையும் பழுப்பு. நான்காவது வெள்ளையாகத்தான் இருக்குமா? (இல்லை; அதே கால் பங்கு வாய்ப்புதான். கொட்டைக்கு ஞாபகம் கிடையாது.) ஒரு பழுப்புச் செடி உங்களிடம் இருக்கிறது, அது ●● ஆ, ●○ ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? (வெள்ளைச் செடியோடு கலந்து பார்க்க வேண்டும்; ஒரு வெள்ளை பிறந்தாலும் உள்ளே ○ இருக்கிறது.) இந்த இரண்டாவது கேள்வியைத் தனியாக யோசித்துச் சொல்லிவிடும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் இனி நீங்கள் கற்பிக்க எதுவும் இல்லை; அவரை அடுத்தவருக்குச் சொல்லித்தர வைத்துவிடுங்கள்.

முடிந்ததும் கொட்டைகளை எண்ணி வாங்கி, காய்ந்த டப்பாவில் வேப்பிலை போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பூச்சி அரித்துவிடும். மூடியின் மேல் அந்த ஆண்டின் மொத்தத்தைப் பிள்ளைகள் கையாலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள்: எத்தனை எறிதல், எத்தனை பழுப்பு, எத்தனை வெள்ளை. அடுத்த ஆண்டு வகுப்பு தன் எண்ணை அதற்குக் கீழே எழுதிக் கூட்டும். ஆண்டுக்கு நானூறு என்றால், மெண்டல் எண்ணிய 7324ஐத் தொட உங்கள் பள்ளிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகும்.